தறப்பாள் அடிக்கச் சுத்தியல் ஸ்ரேப்ளர் வாங்கலாமா?



சொந்தக் காணிக்குத் திரும்பியதும் உங்கள் முதல் வேலை, மழைக்கு முன் ஒரு கொட்டில் போடுவது. ஒக்ரோபரில் மழைக்காலம் தொடங்கிவிடும். கையில் இருக்கும் காசும் கொஞ்சம். எனவே எந்த ஆயுதத்தை வாங்குவது என்று யோசித்தே வாங்க வேண்டும். சுத்தியல் ஸ்ரேப்ளர் வாங்கலாமா என்று உங்களிற் பலர் கேட்கிறீர்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சுத்தியல்போல ஓங்கி அடித்தால், அடிக்கு ஒரு கம்பி மரத்தில் இறங்கும். மற்றக் கையால் விரிப்பைப் பிடித்துக்கொள்ளலாம். உட்சுவருக்குப் பொலித்தீன் அடிக்க, யன்னலுக்கு நுளம்பு வலை அடிக்க இது நல்லது. வேலை கெதியாக முடியும்.

ஆனால் கூரைத் தறப்பாளை இதை மட்டும் நம்பி அடிக்காதீர்கள். கம்பி மெல்லியது. காற்று இழுத்தால் தறப்பாள் கிழிந்து கம்பியை விட்டு வந்துவிடும். கூரை ஓரத்தை இரண்டு மூன்று மடிப்பாக மடித்து, மேலே வரிச்சுத் தடி வைத்து ஆணி அடியுங்கள். தடி இல்லாவிட்டால் சோடா மூடியோ பழைய ரயர் ரியூப் துண்டோ வைத்து, அதற்கூடாக ஆணியை இறக்குங்கள். தறப்பாளின் கண்களில் கயிறு போட்டுக் கட்டுங்கள். தகரத்துக்குக் கூரை ஆணிதான் வேண்டும்.

மரத்தையும் பாருங்கள். வைரம் பாய்ந்த பனஞ்சிலாகையில் கம்பி மடங்கிப்போகும். மெதுவான பலகையில் நன்றாக இறங்கும். தடி வெட்டக் காட்டுக்குள் போகுமுன், அது கண்ணிவெடி அகற்றிய இடமா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள்.

வாங்குவதென்றால் கடையில் இவற்றைக் கவனியுங்கள்:

1. முதலில் கம்பியைக் கேளுங்கள். அந்த அளவுக் கம்பி உங்கள் ஊர்க் கடையில் கிடைக்காவிட்டால் கருவியால் பயனில்லை. இவ்வகைக் கருவிகளுக்குப் பெரும்பாலும் 6 முதல் 10 மி.மீ. வரை நீளமான கம்பி போடலாம். மெல்லிய பொலித்தீனுக்கு 6 போதும். மடித்த தறப்பாளுக்கு 10 எடுங்கள்.

2. கையில் தூக்கிப் பாருங்கள். தலைக்கு மேலே பலமுறை ஓங்க வேண்டிவரும். வேலை செய்யப்போகிறவரே தூக்கிப் பார்ப்பது நல்லது. பிடி வழுக்கக் கூடாது.

3. உடல் உருக்கினால் ஆனதா என்று பாருங்கள்.

4. நீங்களே கம்பி போட்டு, ஒரு பலகையில் பத்துத் தரம் அடித்துப் பாருங்கள். கம்பி முழுதாக இறங்க வேண்டும். இறுகினால் இலகுவாகத் திறந்து எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

வீட்டுக்கொன்று தேவையில்லை. ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, கிராம அபிவிருத்திச் சங்கத்தில் வைத்து மாறி மாறிப் பாவிக்கலாம்.

அடிக்கும்போது மற்றக் கையை ஒரு சாணுக்கு அப்பால் வையுங்கள். வேலை முடிந்ததும் கம்பியைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுந்த கம்பிகளைப் பொறுக்குங்கள். பிள்ளைகள் வெறுங்காலுடன் ஓடித் திரியும் முற்றம் அது. காலில் குத்தினால் கழுவிவிட்டு, ஏற்பு ஊசி போட வைத்தியசாலைக்குப் போங்கள்.

காசு குறைவென்றால் சாதாரணச் சுத்தியல், ஆணி, நல்ல கயிறு மூன்றையும் முதலில் வாங்குங்கள். காற்றுக்குக் கூரையைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். ஸ்ரேப்ளரைப் பிறகு பார்க்கலாம்.