விண்மீன் காணும் கழகமும் நம் காலனியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டுதோறும் இம்மேடையிலே இலக்கியம் பேசுவது நம் வழக்கம். இவ்வாண்டு வானத்தைப் பற்றிப் பேசுக என்று செயற்குழுவினர் எங்களைப் பணித்தபோது உள்ளபடியே திகைத்தோம். குர்லாவில் வானம் எங்கே இருக்கிறது? இரு கட்டடங்களுக்கு இடையே நாலு முழ அகலத்தில் ஒரு துண்டு தெரியும். இரவில் அத்துண்டும் தெருவிளக்கின் ஒளியால் சாம்பல் நிறமாய்க் கிடக்கும். அதில் ஒரு விண்மீன் தென்பட்டால் அது விமானமாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. எனினும், கழிந்த சில ஆண்டுகளாக நம் காலனிக் குடும்பங்கள் சில இத்துறையிலே அடியெடுத்து வைத்திருக்கின்றன. அச்செய்தியைச் சங்கத்தார் அனைவரும் அறிதல் நன்று என்பதால் இசைந்தோம்.

1985, 1986 ஆம் ஆண்டுகளில் ஹேலி வால்மீன் வந்துபோனதை உங்களுள் மூத்தோர் நினைவு கூர்வீர்கள். அவ்வால்மீனைக் காணவும் காட்டவும் எழுந்த ஆர்வத்தின் பயனாக 1985 இல் இந்நகரில் 'ககோள் மண்டல்' என்னும் கழகம் தோன்றிற்று. அதன் அன்பர்கள் வானியலை ஊதியத்திற்காகச் செய்பவர் அல்லர். பகலெல்லாம் தத்தம் பணியைப் பார்த்து, ஓய்வு நேரத்தை வானுக்கு ஈபவர்கள். நமக்கு அண்மையிலுள்ள சயானை மையமாகக் கொண்டு வளர்ந்த இக்கழகம், அமாவாசையை ஒட்டிய இரவுகளில் கர்ஜத் தடத்திலுள்ள வாங்கணிக்கு மக்களை அழைத்துச் சென்று, மாலை தொடங்கி விடியும்வரை வானத்தைக் காட்டும் வழக்கத்தை உண்டாக்கியது. கோளரங்கம் வேண்டுவோர்க்கு வோர்லியில் 1977 முதல் நேரு கோளரங்கம் இருக்கிறது. அங்கே காண்பது கூரையில் விழும் வானம். வாங்கணியில் காண்பது மெய் வானம்.

2025 சனவரி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மாலை, கட்டுச்சோறும் கம்பளியும் எடுத்துக்கொண்டு நாங்களும் வாங்கணிக்குப் புறப்பட்டோம். பத்லாப்பூரைக் கடந்ததும் வண்டியில் கூட்டம் குறைந்தது. வாங்கணிக்கு அப்பால் நேரல், அதற்கு மேலே மாத்தேரான் மலை. கைவிளக்குகளின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது முதற் கட்டளை. வெள்ளொளி பட்ட கண் மீண்டும் இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். சிவப்பொளி அவ்வளவு கெடுப்பதில்லை. கைப்பேசியைப் பையில் வைத்துவிடுமாறு சொன்னபோது நம் இளைஞர்கள் முகம் வாடியதையும் மறைப்பதற்கில்லை. அரைமணி கழிந்தபின் எவரும் அதைத் தேடவில்லை.

அன்று மேற்கே சுக்கிரன் விளக்குப் போல் நின்றது. அதனருகே சனி. வளையத்தைக் காணலாம் என்று சிறுவர்கள் வரிசையில் நின்று தொலைநோக்கியில் கண்வைத்தனர். "வளையம் எங்கே?" என்று முதற் சிறுவன் கேட்டான். உருண்டையின் குறுக்கே ஓர் ஊசி செருகினாற்போல் ஒரு கோடு மட்டுமே தெரிந்தது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை சனியின் வளையத் தட்டு நம்மை நோக்கி விளிம்பைக் காட்டி நிற்கும். 2025 மார்ச்சில் அவ்வாறு நிகழ இருந்ததால் நாங்கள் சென்ற நாளிலேயே வளையம் மெலிந்துவிட்டது. படத்தில் காணும் சனியைத் தேடிச் சென்ற பிள்ளைகளுக்கு ஏமாற்றந்தான். ஆனால் வீடு திரும்பியபின் அவர்கள் மிகுதியாகப் பேசியது அதைப் பற்றியே.

உரோகிணிக்கு அருகே வியாழன் ஒளிர்ந்தது. கார்த்திகையைக் கண்டதும் உடன்வந்த பாட்டி ஒருவர், "அதோ அறுமீன்!" என்று யாரும் சொல்லாமலே கைநீட்டினார். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, மணமாகி இந்நகர் வந்து ஐம்பது ஆண்டுகள் குர்லாவிலே கழித்தவர் அவர். தம் தந்தையார் விடிவெள்ளி எழுவதைப் பார்த்தே தோட்டத்திற்கு நீர் இறைக்கச் செல்வார் என்றும், இங்கு வந்தபின் அதைத் தேடவே இல்லை என்றும் கூறினார். ஐம்பது ஆண்டுக்காலம் அது தலைக்கு மேலேதான் இருந்தது!

கழகத்து அன்பர் ஒருவர் மராத்தியில் பெயர் சொல்லச் சொல்ல, நம் பிள்ளைகளுக்கு ஒரு வியப்பு உண்டாயிற்று. கிருத்திகா, ரோகிணி, ஆர்த்ரா, மகா, சித்ரா என்று அவர் சொன்னவை வீட்டில் பாட்டி சாதகம் பார்க்கும்போது கேட்கும் பெயர்களேயன்றோ? தன் நட்சத்திரம் திருவாதிரை என்று மட்டும் அறிந்திருந்த ஒரு பெண், அது செந்நிறமாய் வானில் எரியும் ஒரு மெய்யான பொருள் என்பதை அன்றுதான் அறிந்தாள். 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் அவ்விண்மீன் வெறுங்கண்ணுக்கே தெரியுமளவு மங்கிப் பின்னர் மீண்டதையும் அன்பர் விளக்கினார். திருவாதிரைக்குக் கீழே வாள்போல் தொங்கும் புகைத்திட்டிலிருந்து நம் கண்ணுக்கு வந்த ஒளி ஏறக்குறைய 1,300 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. காஞ்சியில் பல்லவர் ஆண்ட காலம் அது.

அன்றிரவு எங்கள் உள்ளத்தைத் தொட்டது அகத்தியர் விண்மீன். பதினொரு மணிக்குச் சற்று முன் அது தென்வானில் தன் உச்சத்தை எட்டிற்று. உச்சம் என்றாலும் தொடுவானுக்கு மேலே பதினெட்டுப் பாகையே. கையை நேரே நீட்டி முட்டி மடக்கினால் அம்முட்டியின் அகலம் ஏறத்தாழப் பத்துப் பாகை. ஆக, இரண்டு முட்டிக்குச் சற்றுக் குறைவு. அதே விண்மீன் சென்னையில் இருபத்து நான்கு பாகையும், குமரி முனையில் இருபத்தொன்பது பாகையும் உயர்ந்து நிற்கும். தில்லியிலோ ஒன்பதுகூட இல்லை. வடக்கே ஒரு பாகை செல்லச் செல்ல அகத்தியர் ஒரு பாகை தாழ்கிறார், துருவன் ஒரு பாகை உயர்கிறான். குமரியில் எட்டுப் பாகையில் தொடுவானை ஒட்டிக் கிடக்கும் துருவன் நம் குர்லாவில் பத்தொன்பதில் நிற்கிறான். நாமும் நம் முன்னோரும் ஊரைவிட்டு வந்த தொலைவைப் புகைவண்டிச் சீட்டில்தான் கண்டிருக்கிறோம். வானத்திலும் அக்கணக்கு இருக்கிறது.

இத்தகைய பணிக்குப் பட்டமும் பதவியும் வேண்டுமோ என்று ஐயுறுவோர்க்கு ஒருவரைக் குறிப்பிட விரும்புகிறோம். வங்காளத்து ஜெஸ்ஸோரில் அரசுக் கருவூலத்தில் பணிபுரிந்த இராதாகோவிந்த சந்திரர் நுழைவுத் தேர்விலேயே தேறாதவர். சிறு தொலைநோக்கி ஒன்றை வாங்கி, ஒளி மாறும் விண்மீன்களை இரவுதோறும் கணித்து, 37,000 க்கும் மேற்பட்ட குறிப்புகளை அமெரிக்காவிலுள்ள மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கத்திற்கு அனுப்பினார். அச்சங்கம் 1926 இல் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அவருக்கு அனுப்பி வைத்தது. பிரிவினைக்குப் பின் அவரும் பிறந்த ஊரைவிட்டு வரவேண்டியதாயிற்று. அத்தொலைநோக்கி பின்னர் நம் சென்னையில் பிறந்த வேணு பாப்பு அவர்களிடம் சேர்ந்து, சவ்வாது மலைக் காவலூரை அடைந்தது. பாப்பு அவர்கள் உருவாக்கிய அந்தக் காவலூர்க் கூடத்திற்கு 1986 இல் அவர் பெயரே சூட்டப்பெற்றது. குமாஸ்தா வேலை பார்த்தவர்கள் நம்மிலும் பலர் உளர். அதனால் இவ்வரலாறு எங்களுக்குத் தனி உவகை தருகிறது.

இனி மாடிக்கு வருவோம். மும்பையில் ஆண்டுக்கு இருமுறை, மே 15, 16 தேதிகளை ஒட்டியும் சூலை 28 ஐ ஒட்டியும், ஞாயிறு நடுப்பகலில் நேர் உச்சியில் நிற்கும். நட்ட கோலின் நிழல் கோலடியிலேயே மறையும். மே மாதத்தில் அது நிகழும் நேரம் பகல் 12 மணி 35 நிமிடம். இங்கே ஒரு கேலி உண்டு. மே நடுவில் நம் காலனியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். பிள்ளைகள் எல்லாரும் ஊரில். அங்கேயாவது காணலாம் என்றால், திருநெல்வேலியில் நிழல் மறையும் நாள் சித்திரை பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்னரே கழிந்திருக்கும். சூலையிலோ மழைமேகம். மூன்று ஆண்டுகள் முயன்று ஒரு முறைதான் கண்டோம். தண்ணீர்த் தொட்டியருகே நிறுத்திய அகலக்குழாயின் நிழல் முற்றும் மறைந்தபோது, குழாயைச் சுற்றி நின்றவர் எழுவர். ஒரு கணம் எவரும் பேசவில்லை. பின் ஒரு சிறுமி தன் காலடியைப் பார்த்துக் குதிக்கத் தொடங்கினாள்.

இறுதியாக ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகக் கங்கண சூரிய கிரகணம் சென்றது. மும்பையிலும் ஞாயிற்றின் பெரும்பகுதி மறைந்தது. காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முன் முடிந்த அந்நிகழ்ச்சியின்போது நம் காலனியில் சன்னல்கள் அடைக்கப்பட்டிருந்தன. அடைத்தவர்களுள் நாங்களும் ஒருவர். பேரப்பிள்ளைகளை உள்ளே இருத்தி, உண்ணவும் விடாமல், முடிந்ததும் நீராட்டினோம். எவரையும் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் தாயார் செய்ததை நாங்கள் செய்தோம். அடுத்த நாள் பள்ளியிலிருந்து வந்த பேத்தி, தோழியின் வீட்டு மாமரத்தடியில் நூறு பிறைகள் விழுந்து கிடந்தனவாம் என்றாள். இலைகளின் இடுக்கெல்லாம் ஊசித்துளையாகி, ஒவ்வொன்றும் குறைந்த ஞாயிற்றைத் தரையில் வரைந்திருக்கிறது. இடியாப்பத் தட்டைப் பிடித்திருந்தால் நம் மாடியிலும் விழுந்திருக்கும். "என்னை ஏன் கூப்பிடவில்லை, தாத்தா?" என்ற கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை.

சென்னை வானோக்குக் கூடத்தில் பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார், 1867 இல் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874 இல் சுக்கிரன் ஞாயிற்றைக் கடக்க இருந்தபோது, பொதுமக்கள் அறியும்பொருட்டு அதை உரையாடல் வடிவில் நூலாக்கியவரும் அவரே. சாத்திரம் கற்ற குடியில் வந்து, பஞ்சாங்கத்தை வானத்தைப் பார்த்துத் திருத்துக என்று வற்புறுத்தியவர். ஆதலின் மரபை மதிப்போர் வானைப் பார்த்தலாகாது என்பதற்கில்லை. வெறுங்கண்ணால் ஞாயிற்றை நோக்கலாகாது என்பது மட்டும் முற்றிலும் உண்மை. கிரகணக் காலத்தில் மட்டுமன்று, எந்நாளும் உண்மை. அதற்கென ஆன கண்ணாடியோ ஊசித்துளையோ வேண்டும். கறுப்புக் கண்ணாடியும் எக்ஸ்ரே படச் சுருளும் உதவா.

2027 ஆகஸ்டு 2 மாலை மும்பையில் ஒரு பகுதி கிரகணம் தெரியவேண்டும். ஆகஸ்டு மேகத்தை நம்பி எவர்க்கும் உறுதி சொல்லோம். 2031 மே 21 அன்றோ தென் தமிழகத்தின் மேலேயே நண்பகலை ஒட்டிக் கங்கண கிரகணம் செல்ல இருக்கிறது. மே மாதம்! நம் பிள்ளைகள் ஊரில் இருக்கும் மாதம். 2019 இல் பத்து வயதாயிருந்த எங்கள் பேத்திக்கு அப்போது இருபத்திரண்டு ஆகும். எங்களுக்கு ஆகும் வயதைச் சொல்ல விரும்பவில்லை. அன்று தாத்தா அழைக்கவில்லை என்று அவள் மறுமுறை சொல்லாதபடி, நாளை இன்றே குறித்து அவளிடம் கொடுத்துவிட்டோம்.

மாடிக் கதவின் சாவியைப் பற்றி ஒரு சொல். 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் பாகையில் பத்தில் ஒரு கூறு இடைவெளியில் நெருங்கி நின்றதைக் காணக் குழந்தைகள் ஏறியபோது கதவு பூட்டியிருந்தது. படிக்கட்டுச் சன்னலில் முறைவைத்துப் பார்த்தோம். இப்போது அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமைகளில் எட்டு முதல் பத்து மணி வரை சாவி தருவதாகப் பொறுப்பாளர்கள் இசைந்துள்ளனர். தண்ணீர்த் தொட்டியின் மேல் எவரும் ஏறலாகாது என்பது நிபந்தனை. மேற்கு மூலையிலுள்ள பெரிய விளக்கை அவ்விரண்டு மணி நேரம் அணைக்க ஒப்புதல் இன்னும் கிட்டவில்லை. அவ்விளக்கிற்கு நேர் எதிர் வீட்டார் இன்று இவ்வவையில் அமர்ந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களைத் தனியே சந்திக்க அனுமதி வேண்டுகிறோம்.