மூடா வாயில்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மரக்காணத்து உப்பளங்களுக்கு வடக்கே, கடலுக்கும் கழிக்கும் இடையே நீண்டு கிடக்கும் நிலப்பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். சங்க நூல்களுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். பாணன் செல்லும் வழியில் முதலில் எதிர்ப்படுவது எயிற்பட்டினம். அதனை இன்றைய மரக்காணம் என்றே அறிஞர் பலர் கொள்வர். எயில் என்றாலும் சோ என்றாலும் மதில்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற பெரிப்ளூஸ் என்னும் கடல்வழி நூல் சுட்டும் சோபட்மா துறைமுகமும் இதுவே என்பாரும் உளர். அலை ஒதுக்கிய அகில் கட்டைகள் உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடந்த கரை என்று அப்பாட்டு இக்கரையைக் காட்டுகிறது. இன்று அதே கரையில் வரிசை வரிசையாக உப்பு அம்பாரங்கள் நிற்கின்றன.

ஆற்றுப்படை என்பது தமிழ் கண்ட தனியொரு நெறி. பரிசில் பெற்று மீள்பவன், பெறாது வாடி வருபவனை வழியில் மறித்து, தான் பெற்ற இடத்தைச் சொல்கிறான். இன்ன வழியே போ, இன்ன ஊரில் இன்ன உணவு கிடைக்கும், இன்ன வாயில் உனக்குத் திறந்திருக்கும் என்று சொல்லி அனுப்புகிறான். பெற்றதைத் தன்னுள் வைத்துக்கொள்ளாமல் பெறும் வழியையும் பிறர்க்குக் கொடுக்கும் பண்பு அது. நல்லியக்கோடனின் அரண்மனை வாயில் வருவோர்க்கு என்றும் மூடப்படுவதில்லை என்று அப்பாட்டு போற்றுகிறது. அந்த மூடா வாயிலை இன்று எங்கே காண்பது? ஒரு நாட்டின் செல்வத்தை எல்லாரும் கண்டு மகிழத் திறந்து வைக்கும் இடங்களில், அதாவது அருங்காட்சியகங்களில் காணலாம். ஆனால் அவ்வாயில் உண்மையில் எல்லார்க்கும் திறந்திருக்கிறதா என்பதே இவ்வுரையின் வினா.

இலண்டன் மாநகரின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1753-இல் சட்டத்தால் நிறுவப்பெற்று, 1759 சனவரி 15 அன்று திறக்கப்பெற்றது. அன்று முதலே கட்டணமில்லை. எனினும் தொடக்கத்தில், காண விரும்புவோர் தம் பெயரும் நிலையும் இருப்பிடமும் எழுதி விண்ணப்பித்து, அனுமதிச் சீட்டு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கற்கும் விருப்பமும் அறியும் ஆர்வமும் உடையோர்க்கே அது திறக்கப்பட்டது. காசு கேட்காத வாயில் தகுதி கேட்டது. பாரிசு நகரின் லூவர் அரண்மனை, புரட்சியின் நடுவே, 1793 ஆகசுடு 10 அன்று மக்கள் அருங்காட்சியகமாயிற்று. புரட்சி நாட்காட்டியின் பத்து நாள் வாரத்தில் சில நாள்கள் பொதுமக்களுக்கென ஒதுக்கப்பெற்றன. மன்னர் மட்டும் கண்ட ஓவியங்களைத் தெருவில் நடப்பவனும் கண்டான். அந்த லூவரும் 1922 முதல் கட்டணம் பெறத் தொடங்கிற்று.

இலண்டனிலும் 1974-இல் நாட்டு அருங்காட்சியகங்களில் கட்டணம் விதிக்கப்பெற்றுச் சில மாதங்களிலேயே கைவிடப்பட்டது. பின்னர் வேறு வேறு நிறுவனங்கள் தனித்தனியே கட்டணம் பெற்றன. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1996-இல் கட்டணம் விதித்தது. இறுதியில் 2001 திசம்பரில் அந்நாட்டின் நாட்டு அருங்காட்சியகங்கள் அனைத்திலும் நிலையான காட்சிகளுக்குக் கட்டணம் நீக்கப்பெற்றது. அந்த ஆண்டிலேயே பாரிசு மாநகராட்சியும் தனக்குரிய அருங்காட்சியகங்களின் நிலையான காட்சிகளைக் கட்டணமின்றித் திறந்தது. அந்நகரின் வரலாற்றைச் சொல்லும் கார்னவாலே, ஓவியங்கள் நிறைந்த பெத்தி பலே, ஆசியக் கலைப் பொருள்களைக் காக்கும் செர்னுசுகி ஆகியவற்றுள் எவரும் காசின்றி நுழையலாம். தமிழகத்துச் செப்புத் திருமேனிகளைக் கொண்ட கீமே அருங்காட்சியகம் திங்களின் முதல் ஞாயிறன்று கட்டணம் பெறுவதில்லை. லூவர் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எந்நாட்டுச் சிறாரிடமும் கட்டணம் கேட்பதில்லை. செல்லும் நாளையும் இடத்தையும் அறிந்து சென்றால், ஐரோப்பாவின் செலவு மிக்க நகரங்களில் ஒன்றில் பல நாள்கள் ஒரு காசும் வாயிலில் கொடுக்காமல் கலைச் செல்வங்களைக் காணலாம். அயல்நாடு சென்று வரும் தமிழர் தம் பின்னே வருவோர்க்குச் சொல்ல வேண்டிய ஆற்றுப்படை இது.

இனித் தமிழகத்து வாயிலுக்கு வருவோம். சென்னை அரசு அருங்காட்சியகம் 1851-இல் தோன்றியது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர். அவர் காலத்தில் அங்கே உயிருள்ள விலங்குகளும் வைக்கப்பெற்றன. அவற்றிலிருந்தே சென்னை விலங்குக்காட்சிச் சாலை வளர்ந்தது. எளிய மக்கள் அவ்விரண்டிற்கும் தாமே பெயரிட்டனர். விலங்குகள் இருந்த இடம் உயிர் காலேஜ். அருங்காட்சியகம் செத்த காலேஜ். கற்றோர் நகைக்கும் பெயர்கள்தாம். ஆயினும் அப்பெயர்களில் ஓர் உண்மை உறைகிறது. எழுத்தறியாதவனும் அவ்விடத்தைக் கல்லூரி என்றே கண்டான். கல்லூரி வாயிலில் கால் வைக்க இயலாதவனுக்குக் கட்டணச் சீட்டும் தேர்வும் இல்லாத கல்லூரியாக அது விளங்கிற்று.

அக்கல்லூரியில் ஓர் அலமாரி செய்த வேலையை இக்கரையோர் சிறப்பாக அறிதல் வேண்டும். 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமையேற்ற மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்திற்கு வந்தார். அங்கே அலமாரி ஒன்றில் கிடந்த சுடுமண் துண்டு ஒன்று மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடியின் கைப்பிடி என்பதைக் கண்டார். அது புதுச்சேரிக்கு அருகில் கிடைத்தது என்றறிந்து புதுச்சேரி சென்றார். அங்கு நூலகத்தின் கண்ணாடிப் பேழைகளில் அதனினும் சிறந்த சான்றுகள் இருந்தன. அடுத்த ஆண்டே, 1945-இல், அரிக்கமேடு அகழப்பெற்றது. யவனர் வாணிகம் பற்றிச் சங்கப் புலவர் பாடியது வெறும் கற்பனை அன்று என்பதற்கு மண்ணுக்குள்ளிருந்து சான்று எழுந்தது.

அக்கதைக்கு முன்கதையும் ஒன்று உண்டு. 1937-இல் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழுவோ துப்ராய் அரிக்கமேட்டுச் சிறுவர்களிடமிருந்தே மணிகளையும் பழம்பொருள்களையும் விலைக்குப் பெற்றார். மனிதத் தலை செதுக்கிய முத்திரைக் கல் ஒன்றும் அங்குக் கிடைத்தது. உரோமப் பேரரசன் அகசுடசின் உருவமாக அது கருதப்பெற்றது. ஆற்றங்கரையில் விளையாடிய பிள்ளைகளின் கைகளே அரிக்கமேட்டின் முதல் அருங்காட்சியகம் எனலாம். அப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அப்பொருள்களைக் கண்ணாடிக்கு அப்பால் காண்கின்றனர். அவர்கள் அவ்வாயிலில் விருந்தினர் அல்லர், உரிமையாளர்.

உரிமை என்னும் சொல் இன்னொரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறது. ஆக்சுபோர்டு நகரின் ஆசுமோலியன் அருங்காட்சியகம் 1683 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருப்பது, கட்டணமில்லாதது. அங்கே திருமங்கையாழ்வாரின் செப்புத் திருமேனி ஒன்று இருந்தது. 1967-இல் இலண்டன் ஏலத்தில் வாங்கப்பெற்றது அது. ஆனால் 1957-இல் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள பெருமாள் கோயில் ஒன்றில் அதே திருமேனி எடுக்கப்பெற்ற ஒளிப்படம், புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்தது. ஆய்வாளர் ஒருவர் அப்படத்தை அடையாளம் கண்டார். 2019-இல் இச்செய்தி அருங்காட்சியகத்திற்கு எட்டியது. 2024-இல் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகம் அத்திருமேனியைத் திருப்பித் தர இசைந்தது. வாயில் திறந்திருந்தது, கட்டணமும் இல்லை. எனினும் அக்கோயிலில் ஆழ்வாரை வணங்கிய ஓர் உழவர் குடும்பத்துக்கு அந்த வாயில் எத்தனை தொலைவு! கட்டணமின்மை மட்டும் வாயிலைத் திறந்துவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இக்கரைக்கும் அதே அளவுகோலைப் பொருத்திப் பார்த்தல் தகும். உப்பளத்தில் வேலை செய்யும் தாய் விடியுமுன் எழுந்து பாத்தியில் இறங்குகிறாள். வெயில் ஏறுவதற்குள் வாரிக் கரையேற்ற வேண்டும். அவள் தன் மகளை அழைத்துச் சென்னை அருங்காட்சியகத்தைக் காணச் செல்வதாயின், நுழைவுச் சீட்டு அவள் செலவில் மிகச் சிறு பங்கு. போக வரப் பேருந்துக் கட்டணம் ஒன்று. அன்றைய கூலியை இழப்பது மற்றொன்று. இவ்விரண்டினும் பெரிய தடை மூன்றாவது: அவ்விடம் தனக்கும் உரியது என்று அவளிடம் எவரும் சொல்லவில்லை. நத்தத்தனார் காட்டும் மூடா வாயிலும் பொருநர், புலவர், அந்தணர் என்று பெயர் குறித்தே திறக்கிறது. அதே பாட்டின் கொற்கைப் பகுதியில் உப்பு வண்டியோடு வந்த மந்தி, உமணர் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடி மகிழ்கிறது. உமணரின் பிள்ளைகள் பாட்டில் இருக்கின்றனர். வாயிலின் பட்டியலில் இல்லை. இதனைக் குறையாகச் சொல்வதைக் காட்டிலும், பின்வந்தோர் முடிக்க வேண்டிய பணியாகக் கொள்வதே பொருத்தம்.

கட்டணம் வேண்டும் என்பார் கூற்றையும் எண்ணிப் பார்த்தல் நேர்மையாகும். உப்புக்கரையோர் அறிந்த உண்மை ஒன்று: உப்புக் காற்று எதையும் அரிக்கும். செம்பில் குளோரைடும் ஈரமும் சேர்ந்தால், பச்சைப் பொடியாகத் தோன்றும் நோய் திருமேனியை உள்ளிருந்தே தின்றுவிடும். இத்தகைய நோய்களைத் தீர்ப்பதற்கென்றே சென்னை அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் பாதுகாப்புக் கூடம் அமைந்தது. ஆயிரம் ஆண்டுச் செம்பைக் காப்பது செலவில்லாத வேலை அன்று. காவலுக்கும் விளக்குக்கும் பொருள் வேண்டும். ஆனால் அப்பொருளை வாயிலில் நிற்பவனிடம் பெறுவதா, நாட்டின் கருவூலத்திலிருந்து பெறுவதா என்பதே வினா. கருவூலம் நிறைவது அந்த உப்பளத் தாய் வாங்கும் ஒவ்வொரு பொருளின் வரியாலுந்தான். ஆதலின் அவள் ஏற்கெனவே தன் பங்கைச் செலுத்தியவள்.

1930-இல் இந்நாடு உப்புக்காக எழுந்தது. ஏப்பிரல் 6 அன்று தண்டியில் காந்தியடிகள் உப்பெடுத்தார். அதே மாத இறுதியில் இராசாசியின் தலைமையில் வேதாரணியத்தில் தமிழர் உப்பெடுத்தனர். அப்போராட்டத்தின் உட்பொருள் எளிது. கடல் கொடுப்பதை எடுக்க எளியவன் ஏன் வரி கட்ட வேண்டும்? உப்பு வரி 1947-இல் நீங்கிற்று. முன்னோர் விட்டுச் சென்றதைக் காண எளியவன் ஏன் கட்டணம் கொடுக்க வேண்டும் என்பது அவ்வினாவின் உடன்பிறப்பு.

இன்றைய நிலையில் திறந்திருக்கும் வாயில்களையேனும் இக்கரையின் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். நடுவண் தொல்லியல் துறையின் கட்டணத் தலங்களில் பதினைந்து வயதுக்கு உட்பட்டோர்க்குக் கட்டணமில்லை. நவம்பர் 19-இல் தொடங்கும் உலக மரபு வாரத்தின் முதல் நாளில் அத்தலங்களை எல்லார்க்கும் கட்டணமின்றித் திறப்பது வழக்கம். மாமல்லபுரம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. அந்த நாள் அடைமழைக் காலம். உப்பளத்தில் பாத்திகள் நீரில் மூழ்கி வேலை ஓய்ந்திருக்கும் காலம். கூலி இழக்காமல் குடும்பத்தோடு சென்று வர அதனினும் ஏற்ற நாள் இல்லை. 1977 முதல் கொண்டாடப்பெறும் பன்னாட்டு அருங்காட்சியக நாளான மே 18-உம் நினைவில் கொள்ளத்தக்கது. இவையெல்லாவற்றிற்கும் முன்னே, மரக்காணத்தின் நடுவிலேயே பூமீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சீட்டில்லாத, என்றும் திறந்திருக்கும் அருங்காட்சியகம் அது. அக்கல்வெட்டுகளைப் படித்துச் சொல்ல ஒருவர் உடன் நின்றால் போதும்.

அந்த ஒருவர் யார் என்பதற்கு விடை இந்த அவையிலேயே இருக்கிறது. பத்தாண்டுகளாகக் கவிதை படித்தும் படைத்தும் வந்திருக்கும் வட்டம் இது. ஆற்றுப்படை பாடியவர்கள் வாயிலைக் கட்டவில்லை, காசும் கொடுக்கவில்லை. வழி சொன்னார்கள். அதனாலேயே எயிற்பட்டினம் அழிந்த பின்னும் அதற்குச் செல்லும் வழி அழியாமல் இருக்கிறது. பதினொன்றாம் ஆண்டில் வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் உப்பளத்துப் பிள்ளைகள் இருவரையேனும் ஒரு மழைநாளில் கைப்பிடித்து அழைத்துச் சென்று ஒரு கல்லின் முன் நிறுத்தி, இது உன்னுடையது என்று சொல்வாராயின், நத்தத்தனார் பட்டியலில் விடுபட்ட பெயர் அன்று சேர்க்கப்படும்.

வட்டம் வாழ்க, வளர்க.