தன் ஈரத்தில் தானே வேகும் கிழங்கு



பகல் மணி 12. மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றுவிட்டார்கள், பேரப்பிள்ளைகள் பள்ளியில். வீட்டில் இருப்பவர் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி மட்டும்தான். "காஸ் அடுப்புப் பக்கமே போகாதீங்க அத்தை" என்று மருமகள் கண்டிப்போடு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோன சம்பவம் முன்பே ஒருமுறை நடந்துவிட்டது. மருமகளையும் குறை சொல்ல முடியாது. கிள்ளானில் உள்ள தாமான் வீடானாலும் சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீடானாலும் இந்தக் காட்சி பலருக்குப் பழக்கமானதுதான்.

அந்தச் சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு ஒன்று இருக்கிறது. நேற்றைய குழம்பைச் சூடாக்க மட்டுமே அது பயன்படுகிறது. கூடையில் நாலைந்து உருளைக்கிழங்குகள் கிடக்கின்றன. இந்த இரண்டையும் கொண்டு பாட்டி பத்து, பதினைந்து நிமிடத்தில் சுடச்சுட ஒரு பகல் உணவைத் தயாரித்துக்கொள்ளலாம். தீ இல்லை, எண்ணெய் இல்லை, கொதிக்கும் பானையைத் தூக்கி வடிக்கும் வேலையும் இல்லை. ஆனால், கிழங்குக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் பொத்தானை அழுத்தினால், தீயே இல்லாத அடுப்பும் கையைச் சுட்டுவிடும்.

ஆங்கிலத்தில் இந்தப் பதார்த்தத்தை 'பேக்ட் பொட்டேட்டோ' என்கிறார்கள். சுட்ட உருளைக்கிழங்கு என்று பொருள். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குச் சுட்ட கிழங்கு என்றதும் விறகடுப்புச் சாம்பலில் புதைத்தெடுத்த வள்ளிக்கிழங்கின் வாசனைதான் நினைவுக்கு வரும். அங்கே வெப்பம் வெளியிலிருந்து உள்ளே போகிறது. தோல் முதலில் காய்ந்து முறுகும். பிறகுதான் உள்ளே வேகும். மைக்ரோவேவ் அடுப்பின் அலைகளோ தோலைக் கடந்து ஓரிரு சென்டிமீட்டர் ஆழம் வரை ஊடுருவி, அங்கிருக்கும் நீர் மூலக்கூறுகளை உலுக்கிச் சூடேற்றுகின்றன. நடுப்பகுதிக்கு வெப்பம் அங்கிருந்து மெல்லப் பரவ வேண்டும். உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர்தான். அந்த நீர் சூடாகி ஆவியாகும்போது, கிழங்கு தன் ஈரத்தில் தானே வேகிறது. ஆகவே, இது சுட்ட கிழங்கே அல்ல, இட்லியைப் போல ஆவியில் அவிந்த கிழங்கு. இட்லிச் சட்டியிலாவது ஆவி வெளியேற இடைவெளி உண்டு. கிழங்குக்குத் தோலே சட்டி, தோலே மூடி.

இந்த அடுப்பு பிறந்த கதையிலேயே இதற்கான எச்சரிக்கை இருக்கிறது. 1945-ஆம் ஆண்டு, பெர்சி ஸ்பென்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் ராடார் கருவிக்கான மேக்னட்ரான் குழாயின் அருகில் நின்றபோது, சட்டைப் பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்தார். அடுத்து சோளத்தை வைத்துப் பார்த்தார், பொரிந்தது. முட்டையை வைத்துப் பார்த்தார், வெடித்தது. 1947-இல் விற்பனைக்கு வந்த முதல் மைக்ரோவேவ் அடுப்பு ஆள் உயரமும் 300 கிலோவுக்கு மேல் எடையும் கொண்டது. வீட்டுச் சமையல் மேடைக்கேற்ற சிறிய அடுப்பு 1967-இல் வந்தது. அடுப்பு சிறியதாகிவிட்டாலும் அந்த முட்டையின் கதை மாறவில்லை. ஆவிக்கு வழி விடாத எதையும் அதற்குள் வைக்கக் கூடாது.

எனவே முதல் வேலை, கிழங்கைத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டு, முள்கரண்டியால் சுற்றிலும் ஏழெட்டு இடங்களில் ஆழமாகக் குத்துவது. 'ஒன்றிரண்டு முறை குத்தாமல் வைத்தேனே, ஒன்றும் ஆகவில்லையே' என்பார்கள் சிலர். ஆகாமலும் இருக்கலாம். ஆனால் வெடிக்கும் கிழங்கு எப்போதும் அடுப்புக்குள்ளேயே வெடிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. கதவைத் திறந்து கையில் எடுக்கும் நேரத்திலும் அது வெடிக்கலாம்.

பாசாரில் பல நாட்டுக் கிழங்குகள் கிடைக்கின்றன. கறிக்கு உடையாமல் நிற்கும் கிழங்கு இதற்கு அவ்வளவு பொருந்தாது. வெந்தாலும் மெழுகு போல இறுகியிருக்கும். சொரசொரப்பான பழுப்புத் தோலுடைய 'ரசெட்' போன்ற மாவுக் கிழங்கே பஞ்சு போல உதிரும். 200 கிராம் அளவுள்ள ஒரு கிழங்கைச் சமையலறைக் காகிதத்தின் மேல் வைத்தால், கசியும் ஈரத்தைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். பத்திரிகைத் தாளை வைக்க வேண்டாம், அது தீப்பற்றக்கூடும். 800 வாட் அடுப்பில் 3 நிமிடம் வைத்து, புரட்டிப் போட்டு இன்னும் 2 அல்லது 3 நிமிடம் வைத்தால் போதும். இரண்டு கிழங்குகளை ஒன்றாக வைத்தால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். காஸ் அடுப்புச் சட்டியில் ஒன்று வெந்தாலும் நான்கு வெந்தாலும் நேரம் அதிகம் மாறாது. இங்கே இருக்கும் சக்தியைக் கிழங்குகள் பங்கு போட்டுக்கொள்கின்றன.

பலரும் தவறவிடுவது அடுத்த கட்டத்தைத்தான். அடுப்பு 'டிங்' என்றவுடன் கத்தியை எடுத்துவிடுகிறார்கள். வெளிப்பகுதி வெந்திருக்கும், நடுவில் நறுக்கென்று இருக்கும். உடனே இன்னும் 3 நிமிடம் வைப்பார்கள். இப்போது ஓரங்கள் வறண்டு தோல் போல இழுக்கும். அடுப்பு நின்ற பிறகு 5 நிமிடம் கிழங்கைச் சும்மா விட்டால், ஓரத்தின் வெப்பம் நடுவுக்குப் போய்ச் சேர்ந்து சமமாக வெந்துவிடும். அதன் பிறகும் கிழங்கைத் துணியால் பிடித்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டுதான் பிளக்க வேண்டும். ஆவியால் படும் புண் கொதிநீர்ப் புண்ணைவிட மோசமானது.

தோல் முறுகலாக இருக்காது. அதற்கு நீரின் கொதிநிலையைவிட அதிகமான உலர்ந்த வெப்பம் வேண்டும். ஈரம் கசியும் தோலுக்கு அது மைக்ரோவேவில் கிடைப்பதில்லை. முறுகல் வேண்டுவோர் வெந்த கிழங்கில் சிறிது எண்ணெய் தடவி, ஏர் ஃபிரையரில் 200 டிகிரியில் 10 நிமிடம் வைக்கலாம். பாட்டிக்கு அது தேவையில்லை; பல்லுக்கு மென்மையான தோலே நல்லது. நடுவில் பிளந்து, ஒரு கரண்டி தயிரும் மிளகுத் தூளும் போடலாம், நேற்றைய பருப்பையும் ஊற்றலாம். நெத்திலிச் சம்பல் வைத்துச் சாப்பிட்டவர்கள் வெண்ணெயைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பச்சை நிறம் ஏறிய கிழங்கும், நிறைய முளைவிட்ட கிழங்கும் குப்பைக்குத்தான் போக வேண்டும். அவற்றில் சேரும் சொலனின் போன்ற நச்சு எந்த அடுப்பின் சூட்டிலும் போவதில்லை. இன்னொன்று, இதே முறையை மரவள்ளிக்குக் கையாளவே கூடாது. மரவள்ளியைத் தோலுரித்து, நறுக்கி, நிறைய நீரில் நன்றாக அவித்து, அந்த நீரைக் கொட்டிவிடுவதுதான் சரி.

'அந்த அடுப்பில் வைத்தால் கதிர்வீச்சு சாப்பாட்டில் தங்கிவிடும்' என்ற பயம் இன்னும் பல வீடுகளில் உண்டு. தங்காது. விளக்கை அணைத்தால் வெளிச்சம் அறையில் தங்காததைப் போல, அடுப்பு நின்றதும் அலைகளும் நின்றுவிடும். பயப்பட வேண்டியது கோணிப்போன கதவு, உடைந்த தாழ்ப்பாள் ஆகியவற்றுக்குத்தான். அப்படிப்பட்ட அடுப்பைப் பயன்படுத்தக் கூடாது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு உருளைக்கிழங்கு ஒரு காய்கறி அல்ல. சோற்றுக்குப் பதில் உண்ண வேண்டியது, சோற்றோடு சேர்த்து அல்ல. சிறுநீரக நோயாளிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தோலோடு வெந்த நடுத்தரக் கிழங்கு ஒன்றில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. தோலுரித்து நறுக்கி நீரில் அவித்து வடித்தால் அதில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். மைக்ரோவேவில் எல்லாம் உள்ளேயே இருக்கும். மற்றவர்களுக்கு நன்மையாக இருப்பது இவர்களுக்குத் தீங்காகிறது. பொட்டாசியத்தைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் அவரைக் கேட்காமல் இதை உண்ண வேண்டாம்.

மீந்துபோன கிழங்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1994-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் எல் பாசோ நகரில், உணவகம் ஒன்றில் சாப்பிட்ட 30 பேர் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சால் பாதிக்கப்பட்டார்கள். அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்குகளை அப்படியே அறை வெப்பத்தில் சில நாள்கள் வைத்திருந்து, பிறகு தொட்டுக்கொள்ளும் பதார்த்தத்தில் சேர்த்திருந்தார்கள். மண்ணிலிருந்து வரும் கிருமியின் வித்துகள் சூட்டைத் தாங்கிப் பிழைத்து, காற்றுப் புகாத தாளுக்குள் நஞ்சைச் சுரந்துவிட்டன. அந்தத் தாளை மைக்ரோவேவில் வைத்தால் தீப்பொறி பறக்கும் என்பது பலருக்குத் தெரியும். வெந்த கிழங்கைச் 'சூடு ஆறாமல் இருக்கட்டும்' என்று அதில் சுற்றி மேசையில் விட்டுவிடுவதன் ஆபத்து தெரிவதில்லை. நம் ஊர் வெப்பத்தில் மீந்த கிழங்கு 2 மணி நேரத்துக்குள், தாளில் சுற்றப்படாமல், குளிர்பதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். மறுநாள் உதிர்த்துப் பொடிமாஸ் செய்யலாம்.

பாட்டியின் சமையலறைக்கு வருவோம். மைக்ரோவேவ் அடுப்பு சொன்ன நேரத்தில் தானாக நின்றுவிடும்; மறதி உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் 5 நிமிடத்துக்குப் பதில் 50 என்று அழுத்திவிட்டால், கிழங்கு கரியாகி, புகைந்து, தீயும் பிடிக்கலாம். பேரப்பிள்ளை ஒருவர் 1 நிமிடப் பொத்தான் மீது சிவப்பு ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி, "மூணு தடவை அழுத்துங்க, திருப்பிப் போட்டு இன்னும் மூணு தடவை, அவ்வளவுதான் பாட்டி" என்று பக்கத்தில் நின்று இரண்டு முறை செய்து காட்டட்டும். புகை வந்தால் கதவைத் திறக்கக் கூடாது, சுவர் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிக் கொடுக்கட்டும். முள்கரண்டியைக் கிழங்குக் கூடையிலேயே போட்டு வைத்தால் குத்துவதும் மறக்காது.