பின்கட்டுத் தாழ்வாரம்

தமிழகத்தை விட்டு வடபுலம் வந்து குடியேறும் நம்மவர் பலர், வீடு பார்க்கப் புகும்போது, அறைகள் எத்தனை, தண்ணீர் எப்போது வரும், அலுவலகம் எவ்வளவு தொலைவு என்ற மூன்று வினாக்களோடு நின்றுவிடுவது வழக்கம். பின்புறம் ஒரு தாழ்வாரம் இருந்தால் அதனைப் பொருட்படுத்துவோர் சிலரே. நாளடைவில் பழைய டிரங்குப் பெட்டியும், கால் உடைந்த நாற்காலியும், கோடை முடிந்து ஒதுக்கிய கூலரும் அங்கே குடியேறிவிடுகின்றன. அத்தகைய தாழ்வாரத்தைச் செப்பனிட்டு, வீட்டார் அமர்ந்து பொழுது போக்கும் இடமாக்குவது எங்ஙனம் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்குச் சொல்லிலிருந்து தொடங்குவதே பழக்கம். கூரை தாழ்ந்து இறங்கும் இடத்தை நாம் தாழ்வாரம் என்கிறோம். வடக்கே அதனைப் பராம்தா என்பர். முற்றத்தை ஆங்கன் என்பர். நம் திண்ணையை ஒத்த மேடையைச் சபூத்ரா என்பர். சொற்கள் வேறாயினும், வீட்டுக்குள்ளும் இல்லாமல் வெளியிலும் இல்லாமல் உட்கார ஓரிடம் வேண்டும் என்ற எண்ணம் இரு திசையிலும் ஒன்றே.

தில்லியில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பின்னே 12 அடி நீளமும் 7 அடி அகலமும் உள்ள தாழ்வாரம் ஒன்று இருந்தது. எங்கள் தந்தையார் காலமான பின்னர், அன்னையாரைக் கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து எங்களோடு அழைத்து வந்தோம். வாழ்நாளெல்லாம் திண்ணையில் அமர்ந்து தெருவோடு பேசிப் பழகியவருக்கு, நான்கு சுவருக்குள் அடைபட்ட பகற்பொழுது பெருஞ்சுமையாயிற்று. “ஊருக்கே போய்விடுகிறேன்” என்று அவர் சொல்லாத நாள் இல்லை. ஊரிலோ அவருக்குத் துணை யாரும் இல்லை. அதே வேளையில் எங்கள் மகனுக்குப் படிப்பதற்குத் தனி அறையும் தேவைப்பட்டது. கொத்தனார் வந்து பார்த்து, தாழ்வாரத்தைச் சுவரெழுப்பி மூடிச் சன்னல் வைத்துவிட்டால் நல்ல அறை கிடைக்கும் என்றார். ஓர் அறை கிடைக்கும். ஆனால் அதன் பின்னே உள்ள சமையலறையும் படுக்கையறையும் வெளிச்சமும் காற்றும் இழக்கும். பல நாள் யோசித்து, மகனுக்குக் கூடத்தின் ஒரு பகுதியைத் தடுத்துக் கொடுத்துவிட்டு, தாழ்வாரத்தைத் திறந்தபடியே வைத்துச் செப்பனிடுவதென முடிவு செய்தோம்.

இவ்வேலையில் முதலில் அறிய வேண்டியது வெயிலின் போக்கு. சென்னையில் ஜூன் மாத உச்சிவெயில் சற்றே வடக்கிலிருந்து விழும். தில்லியோ கடகரேகைக்கு வடக்கே உள்ளது. ஆதலால் ஆண்டு முழுவதும் நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்தே நிற்கும். டிசம்பர் இறுதியில் அதன் உயரம் சுமார் 38 பாகை. ஜூன் இறுதியில் சுமார் 85 பாகை. எங்கள் தாழ்வாரம் தெற்கு நோக்கியது. கூரையின் விளிம்பு 9 அடி உயரத்தில் உள்ளது. ஆகவே குளிர்கால நண்பகலில் வெயில் தரை முழுவதும் பரவி, பின்சுவரில் மூன்றடிக்கு மேல் ஏறுகிறது. கோடை நண்பகலிலோ ஓரடிகூட உள்ளே புகுவதில்லை. வெயிலைக் கண்டால் விலகும் பழக்கத்தோடு வந்த நமக்கு, வடநாட்டார் குளிர்கால வெயிலைத் தேடி அமர்வதன் பொருள் இதனால் விளங்கும். மேற்கு நோக்கிய தாழ்வாரமாயின் மாலை வெயில் சாய்வாக உள்ளே புகும். நாணலால் பின்னிய, சிக் எனப்படும் சுருட்டுத் திரையைத் தொங்கவிடுதலே அதற்கு ஏற்ற வழி.

அடுத்து, வேலையின் வரிசை. மழைக்காலம் ஓய்ந்த அக்டோபர் மாதம் இதற்கு உகந்தது. கூரை எங்கே ஒழுகுகிறது என்பதை மழையே காட்டியிருக்கும். கூரையைச் சீராக்காமல் தரையில் கைவைத்தல் வீண்செலவு. பழைய வீடுகளில் இரும்பு உத்தரத்தின் மேல் கற்பலகை பாவியிருப்பார்கள். பலகைகளின் இணைப்புகளை அடைத்து, இரும்பின் துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் வண்ணம் பூசவேண்டும். கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாயின், அதனை அறுக்கவோ உடைக்கவோ துளையிடவோ கூடாது; அதன் தூசி நுரையீரலுக்குக் கொடிய தீங்கு செய்யும். தரை, அறையின் தரையைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பதோடு, வெளிப்புறம் நோக்கி எட்டடிக்கு ஓரங்குலமேனும் சரிந்திருத்தல் வேண்டும். மெருகிட்ட கோட்டாக் கல் ஈரத்தில் வழுக்கும். சொரசொரப்பான கல்லே முதியோருக்குப் பாதுகாப்பு. சிமெண்டுப் பூச்சை ஒரு வார காலமாவது ஈரம் உலராமல் காத்தல் அவசியம்.

சுவரையொட்டி, ஒன்றரை அடி உயரத்தில் செங்கல்லால் ஒரு திண்ணை கட்டினோம். அதற்கு மேல் தாழ்ந்தால் முழங்கால் வலி உள்ளவர் எழுந்திருப்பது கடினம். படியருகே பிடித்து இறங்க ஒரு கைப்பிடியும் வைத்தோம். துளசியும் கறிவேப்பிலையும் தில்லிக் குளிரில் வாடும். வெயில் படும் சுவரோரம் வைத்தால் பிழைக்க வழியுண்டு. தொட்டியின் அடித்தட்டிலும் கூலரிலும் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை தவறாது கொட்டித் துடைக்கவேண்டும். டெங்கு பரப்பும் கொசு இத்தகைய நீரில்தான் முட்டையிடுகிறது. நவம்பர் முதல் ஜனவரி வரை காற்று மாசு மிகும் நாட்களில் முதியோரும் குழந்தைகளும் வெளியே அமராதிருத்தலே நலம்.

அரசுக் குடியிருப்பில் வாழ்வோர் அனுமதியின்றிக் கட்டுமானத்தில் கைவைத்தல் ஆகாது. ஆயினும் வேண்டாத பொருள்களை அகற்றி, வெள்ளையடித்து, ஒரு கயிற்றுக் கட்டிலும் சிக்கும் போடுவதற்குத் தடையிராது. மும்பைவாசிகள் வெயிலைவிடத் தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலை மனத்திற்கொண்டு திரையையும் கூரை விளிம்பையும் அமைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில், பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மூதாட்டியார் ஒரு கூடை பச்சைப் பட்டாணியோடு எங்கள் திண்ணைக்கு வந்து அமர்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் அன்னையாருக்கு இந்தி தெரியாது. இருவரும் பட்டாணி உரித்தபடி, அவரவர் மொழியிலேயே நண்பகல் முழுவதும் உரையாடினர். எங்கள் அன்னையார் இன்றும் ஊரை நினைத்துப் பெருமூச்சு விடுவதுண்டு. ஆனால் பயணச்சீட்டு வாங்கச் சொல்வது குறைந்துவிட்டது. மகனோ, இரவு உணவுக்குப் பின் புத்தகத்தோடு அத்திண்ணைக்கே வந்துவிடுகிறான்.

தாழ்வாரத்தைச் செப்பனிட எண்ணும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொத்தனாரை அழைக்குமுன், அங்குள்ள பொருள்களை ஒதுக்கிவிட்டு ஒரு நாற்காலி போட்டு, காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் சிறிது நேரம் அமர்ந்து பாருங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அந்த நாற்காலியில் முதலில் அவரை அமர்த்தி, எங்கே வெயில் வேண்டும், எங்கே நிழல் வேண்டும் என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு பின்னர் அளவெடுங்கள்.