களிம்பும் செம்பும்



இறைவன் திருமுன் நிற்கும்போது நம்முள் சிலர், ‘பாவியாகிய நம்மை அவன் ஏற்பானோ?’ என்று உள்ளம் குமைகின்றோம். குற்றத்தை உணர்தல் நன்றே. ஆயின், அதனையே ஓயாது எண்ணி நம்மை நாமே இகழ்ந்து ஒதுங்குதல் நன்றோ? இதற்கு விடை அப்பர் பெருமான் வரலாற்றில் உண்டு.

திருவாமூரில் தோன்றிய மருணீக்கியார் சமணம் சார்ந்து தருமசேனர் ஆனார். சூலை நோய் பற்றவே, திருவதிகைக்கு இரவில் வந்து, தமக்கையார் திலகவதியாரின் அடியில் வீழ்ந்தார். அம்மையார், ‘ஏன் பிரிந்து போனாய்?’ என்று கேட்டாரா? இல்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். வீரட்டானத்திற்கு அழைத்துச் சென்றார். இறைவனும் நோயைத் தீர்த்ததோடு அமையாது, நாவுக்கரசு என்னும் பெயரும் அருளினான்.

எனினும் நாவரசர் உள்ளத்தில் ஒரு வருத்தம் எஞ்சியிருந்தது. பிற சமயத்தில் உழன்ற உடம்போடு உயிர் வாழ ஒருப்படேன் என்று பெண்ணாகடத்துத் தூங்கானைமாடத்தில் விண்ணப்பித்தார். இறைவன் அவ்வுடம்பை வெறுத்தானா? சூல முத்திரையும் இடப முத்திரையும் பொறித்துத் தன்னுடையது ஆக்கிக்கொண்டான். அவன் தனதென்று ஏற்றதை நாவரசரும் ஏற்றார். பழைய நாளை நினைந்து பின்னும் இரங்கிப் பாடினார். ஆனால் அவ்விரக்கம் அவர் கையைக் கட்டவில்லை. அக்கை உழவாரம் ஏந்தித் திருக்கோயில் முற்றங்களில் புல் செதுக்கியது.

நம் சித்தாந்தம் கூறும் உண்மையும் இதுவே. செம்பில் களிம்பு தொன்றுதொட்டே உளது. ஆயினும் களிம்பே செம்பு ஆகாது. அவ்வாறே ஆணவ மலம் உயிரைப் பற்றியிருப்பினும், மலமே உயிர் அன்று. களிம்பைக் கண்டு செம்பை வீசி எறிவார் உண்டோ? இரசகுளிகை பட்டால் அச்செம்பே பொன்னாகும் என்பது ஆன்றோர் காட்டும் உவமை. திருவருளே நமக்கு அக்குளிகை.

இன்னும் ஒன்று. ‘நான் பெரியன்’ என்பதில் மட்டுமா ஆணவம் உறைகிறது? ‘நான் இழிந்தவன்’ என்று இடைவிடாது நம்மையே நோக்கி நிற்பதிலும் அந்த ‘நான்’ மறைந்து உறைகிறது. ‘என்னை ஏற்க அவனாலும் ஆகாது’ என்பது பணிவு போலத் தோன்றினும், அவன் அருளுக்கு நாம் எல்லை வகுப்பதன்றோ?

ஆகவே அன்பர்களே, பிழையை ஒருமுறை உண்மையாக அவன் திருவடியில் வைப்போம். வைத்ததை மீண்டும் எடுத்துச் சுமவோம். இத்திருவிழா நாளில் பிராகாரத்தில் ஒரு முழ இடமேனும் கூட்டி மெழுகுவோம். வீட்டில் தவறி வந்து நிற்கும் பிள்ளைக்கும் திலகவதியாரைப் போல் முதலில் திருநீறு இடுவோம். அவன் தள்ளாத நம்மை நாமும் தள்ளாதிருப்போமாக!

திருச்சிற்றம்பலம்.