ஓர் எழுத்து காணவில்லை



இன்றைய பேச்சு கம்ப்யூட்டரைப் பற்றியது. கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் இது புரியும். முதலில் ஒரு கதை கேளுங்கள்.

சித்தூருக்கு அருகே ஒரு கிராமம். அங்கே பெண்கள் நடத்தும் சேமிப்புக் குழு ஒன்று. குழுவின் தலைவிக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. 1990களில் சித்தூர் மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, இரவு வகுப்பில் எழுத்துக் கற்றவர் அவர். அதுவரை கைநாட்டுதான். அதன் பிறகு, படித்துப் பார்க்காமல் எந்தத் தாளிலும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

குழுவின் கணக்கு முதலில் நோட்டுகளில் இருந்தது. சில நோட்டுகளைக் கரையான் அரித்துவிட்டது. அதனால் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். யார் எவ்வளவு கட்டினார், யார் எவ்வளவு கடன் வாங்கினார், எவ்வளவு திருப்பிக் கொடுத்தார் என்று பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு அதில் இருந்தது. வேறு பிரதி இல்லை.

கம்ப்யூட்டரில் ஏற்றியதெல்லாம் எங்கே இருக்கிறது? உள்ளே ஹார்டு டிஸ்க் என்று ஒரு பெட்டி உண்டு. வீட்டில் நெல்லைக் குதிரில் சேர்த்து வைப்பதுபோல, கணக்கு, கடிதம், படம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை 1956இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்தது. அதில் ஐம்பது பெரிய தட்டுகள் இருந்தன. இரண்டு பீரோக்களை அடுத்தடுத்து வைத்ததுபோல இருக்கும். ஆனாலும் அதில் 50 லட்சம் எழுத்துகள்தான் அடங்கும். இன்றைய ஹார்டு டிஸ்க் உள்ளங்கை அளவுதான். அதைவிடப் பல ஆயிரம் மடங்கு எழுத்துகள் அதில் அடங்கும்.

இந்தக் குழுவின் கம்ப்யூட்டரில் இரண்டு ஹார்டு டிஸ்க்குகள். முதலாவதில் விண்டோஸ் இருந்தது. கம்ப்யூட்டரின் எல்லா வேலைகளையும் நடத்துவது விண்டோஸ்தான். இரண்டாவதில் குழுவின் கணக்கு இருந்தது. திரையில் முதலாவதன் பெயர் சி. இரண்டாவதன் பெயர் டி.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. அதனால் பலரும் புதிய விண்டோஸுக்கு மாறினார்கள். இந்தக் குழுவும் மாற நினைத்தது. ஒரு மெக்கானிக் தம்பி வந்தார். கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து தூசி தட்டினார். பழைய விண்டோஸை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார். திரை பளிச்சென்று வந்தது.

ஆனால் சி மட்டும்தான் தெரிந்தது. டி இல்லை.

தலைவி திகைத்துப்போனார்.

“தம்பி, எங்க கணக்கு எங்கே?”

“காணோம்மா. டிஸ்க் போயிடுச்சு போல.”

“போயிடுச்சுன்னா? நேத்து வரைக்கும் இருந்ததே!”

தம்பி திருப்பதியில் இருந்த தன் அண்ணனுக்குப் போன் செய்தார். அவர் கம்ப்யூட்டர் வேலையில் பழுத்தவர்.

“அவசரப்படாதே. மெஷினை நிறுத்து. பிளக்கைப் பிடுங்கு. அப்புறம் வயரைப் பார்” என்றார் அண்ணன்.

ஹார்டு டிஸ்க்குக்கு இரண்டு வயர்கள் உண்டு. ஒன்று மின்சாரம் தருவது. மற்றொன்று செய்தியைக் கொண்டுபோவது. தூசி தட்டும்போது செய்தி வயர் நழுவியிருந்தது. தம்பி அதை அழுத்திச் சொருகினார். மறுபடியும் மெஷினைப் போட்டார்.

“முதல் திரையிலேயே எஃப் 2 அல்லது டெலீட் பட்டனை அழுத்து. எந்தப் பட்டன் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். பயாஸ் என்ற பக்கம் வரும். அதில் இரண்டு டிஸ்க்குகளின் பெயரும் இருக்கிறதா?”

“இருக்குண்ணா!”

“அப்படியானால் மெஷினுக்கு டிஸ்க் தெரிகிறது. விண்டோஸுக்குத்தான் தெரியவில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற பக்கத்தைத் திற.”

ஸ்டார்ட் பட்டன்மேல் மவுஸின் வலப்பக்கத்தை அழுத்தினால் அந்தப் பெயர் வரும். தம்பி திறந்தார். இரண்டாவது டிஸ்க் அங்கே இருந்தது! ஆனால் அதற்கு எழுத்து இல்லை.

தம்பிக்கு ஒரே மகிழ்ச்சி. டிஸ்க்கின்மேல் மவுஸை வைத்து வலப்பக்கத்தை அழுத்தினார். பல வரிகள் வந்தன. அதில் ஒரு வரிக்கு நேராக அம்புக்குறியைக் கொண்டுபோனார்.

“நில்லு தம்பி. அதில் என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார் தலைவி.

“ஃபார்மேட்னு எழுதியிருக்கும்மா.”

“அதுக்கு என்ன அர்த்தம்?”

தம்பி பதில் சொல்லவில்லை. போனிலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

“கையை எடுடா! ஃபார்மேட் என்றால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஆக்குவது. அதற்கு மேலே உள்ள வரியைப் படி.”

மேல் வரியில், டிரைவ் எழுத்தை மாற்று என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தம்பி அதை அழுத்தினார். டி என்ற எழுத்தைக் கொடுத்தார். மறு நொடியே கணக்கு திரையில் வந்தது. பன்னிரண்டு ஆண்டும் அப்படியே இருந்தது. தலைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதை இதுதான். இனி அதன் காரணத்தைப் பார்ப்போம்.

எந்த டிஸ்க்குக்கு எந்த எழுத்து என்பதை விண்டோஸ் தன்னிடம் குறித்து வைத்திருக்கிறது. பழைய விண்டோஸ் போனால் அந்தக் குறிப்பும் போய்விடும். புதிய விண்டோஸ், ஊருக்குப் புதிதாக வந்த தபால்காரர் மாதிரி. பெரும்பாலும் தானே எழுத்துக் கொடுத்துவிடும். சில சமயம் விட்டுவிடும். கதவு எண் இல்லாத வீடு தபால்காரருக்குத் தெரியாது. அதற்காக வீட்டில் ஆள் இல்லை என்று ஆகுமா?

திருப்பதிக்காரர்கள் அறிந்த செய்தி ஒன்று உண்டு. அன்னமாச்சாரியார் 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர். திருமலை வேங்கடவன்மேல் தெலுங்கில் 32,000 பாடல்கள் பாடினார் என்று சொல்வார்கள். அவை செப்பேடுகளில் வெட்டப்பட்டு, திருமலைக் கோயிலில் ஒரு கல் அறையில் வைக்கப்பட்டன. நெடுங்காலம் மக்கள் அவற்றை மறந்தே போனார்கள். 1920களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செப்பேடுகள் வெளியே வந்தன. அறிஞர்கள் படித்துப் பதிப்பித்தார்கள். பின்னர் எம்.எஸ். சுப்புலட்சுமி பாட, நாடே கேட்டது. அறையைத் திறந்தவர்கள், பழைய செம்புதானே என்று உருக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? செம்பு மிஞ்சியிருக்கும். பாட்டு போயிருக்கும். ஃபார்மேட் என்பதும் அப்படித்தான். பெட்டி மிஞ்சும். கணக்கு போகும்.

ஃபார்மேட் செய்த பிறகும் சில வேளை நிபுணர்கள் மீட்டுத் தருவார்கள். ஆனால் செலவு அதிகம். கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

ஆகவே இவற்றை நினைவில் வையுங்கள்.

புதிய விண்டோஸ் போடும் முன், கணக்கு உள்ள டிஸ்க்கின் வயர்களைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும், மெஷினை நிறுத்திவிட்டு மாட்டச் சொல்லுங்கள். அப்போது தவறுதலாக அழியாது.

டிஸ்க் தெரியாவிட்டால் முதலில் வயர், அடுத்து பயாஸ், அதன் பிறகு எழுத்து என்று வரிசையாகப் பாருங்கள்.

டிஸ்க்கின் பக்கத்தில் ஆஃப்லைன் என்று இருந்தால், ஆன்லைன் ஆக்கினால் போதும்.

ஃபார்மேட், இனிஷியலைஸ், டெலீட் வால்யூம். இந்த மூன்று சொற்களையும் கண்டால் கையை எடுத்துவிடுங்கள். கணக்கு உள்ள டிஸ்க்கில் இவற்றைத் தொடக் கூடாது. மெஷின் தானாகக் கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

எழுத்து இல்லாத சின்னச் சின்னப் பகுதிகளும் திரையில் தெரியும். அவை விண்டோஸின் சொந்தப் பகுதிகள். அவற்றைத் தொட வேண்டாம்.

டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். அது நிபுணர் பார்க்க வேண்டிய கோளாறு.

எல்லாவற்றையும்விட முக்கியம், கணக்குக்கு இன்னொரு பிரதி. அதை வேறொரு டிஸ்க்கில் எடுத்து, வேறொரு வீட்டில் வையுங்கள். அந்தக் குழு இப்போது மாதம் ஒருமுறை அப்படிச் செய்கிறது. பிரதி தலைவியின் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது.

அன்று அந்த அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் பொருள் தெரியாமல் எதற்கும் சரி சொல்லக் கூடாது என்பது தெரியும். தாளில் கையெழுத்துப் போடுவதும் திரையில் பட்டனை அழுத்துவதும் ஒன்றுதான். படியுங்கள். புரியாவிட்டால் கேளுங்கள். அதன் பிறகு அழுத்துங்கள்.