ரொமான்ஸ் மொழிகளில் ஒரு பட்டப்படிப்பு



உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்தவுடன் நம் இல்லங்கள் பலவற்றிலும் ஒரே பேச்சு எழுகின்றது. வைத்தியமா, பொறியியலா, சட்டமா, வணிகமா என்னும் நான்கு வினாக்களோடு அப்பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும். ஆயினும், இந்நான்கினையும் நாடாது, "எனக்கு மொழிகளிலேயே விருப்பம், பிரெஞ்சு, ஸ்பானியம் முதலியவற்றைப் பட்டத்துக்குப் படிக்கலாமா?" என்று கேட்கும் பிள்ளைகளும் ஆங்காங்கே உளர். அவர்களுக்கு விடை கூறுவோர் சிலரே. ஆதலால், அப்பட்டப்படிப்பு எத்தகையது, அதனை எவ்வாறு திட்டமிடுதல் வேண்டும் என்பனவற்றை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

ரொமான்ஸ் என்னும் சொல்லைக் கேட்டவுடன் காதற் கதைகளை எண்ணிவிடாதீர்கள். உரோமையின் மொழியாகிய இலத்தீனின் வழிவந்தவை என்பதே இங்கு அதன் பொருள். பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துக்கேயம், இத்தாலியம், உருமேனியம் ஆகியன இக்குடும்பத்தின் பெரிய மொழிகள். கத்தலான், ஒக்சித்தான், சார்தீனியம் முதலிய உறவினரும் பலர் உண்டு.

இக்குடும்பத்தின் பிள்ளையொன்று நம் வீட்டு மேசையிலேயே இருக்கின்றது. காலையில் நாம் உண்ணும் 'பாண்' என்னும் சொல் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்றது. அதனையே ஸ்பானியர் 'பான்' என்பர். இத்தாலியர் 'பானே' என்பர். பிரெஞ்சுக்காரர் சற்றே மூக்கொலியோடு 'பேன்' என்பர். உருமேனியர் 'பயினே' என்பர். இவையெல்லாம் 'பானிஸ்' என்ற ஒரே இலத்தீன் சொல்லின் வழித்தோன்றல்கள். நாம் இருக்கும் கதிரையும், உடை வைக்கும் அலுமாரியும், காலில் அணியும் சப்பாத்தும், திறந்துவைக்கும் யன்னலும், சமைக்கும் குசினியும் போர்த்துக்கேயர் வழி வந்த சொற்களே. எனவே இம்மொழிகள் நமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல.

இலத்தீன் எப்பொழுது பிற மொழிகளாயிற்று? ஒரே நாளில் அன்று. கி.பி. 813ஆம் ஆண்டில் தூர் நகரிற் கூடிய திருச்சபைப் பேரவை, மறையுரைகளை மக்கள் விளங்கிக்கொள்ளும் நாட்டுப்புற உரோமைப் பேச்சிலோ ஜெர்மானியப் பேச்சிலோ கூறவேண்டும் என்று விதித்தது. குருமாரின் இலத்தீன் அக்காலத்திலேயே பொதுமக்களுக்கு விளங்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 842ஆம் ஆண்டில், சார்லமேன் பேரரசரின் பேரர் இருவர் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஒருவருக்கொருவர் துணைநிற்பதாக உறுதிமொழி செய்தனர். ஒருவர் மற்றவருடைய படை விளங்கிக்கொள்ளும் மொழியில் உறுதி கூறினார். அவ்வுறுதிமொழியின் ரொமான்ஸ் வாசகமே பிரெஞ்சு மொழியின் மிகப் பழைய ஏடாகப் போற்றப்படுகின்றது.

இம்மொழிகள் பிரிந்த வழியிலும் ஓர் ஒழுங்கு உண்டு. எட்டு என்னும் எண்ணை இலத்தீனில் 'ஒக்தோ' என்பர். அது ஸ்பானியத்தில் 'ஓச்சோ' என்றும், இத்தாலியத்தில் 'ஓத்தோ' என்றும், உருமேனியத்தில் 'ஓப்த்' என்றும் ஆயிற்று. இரவைக் குறிக்கும் 'நொக்தெம்' என்னும் இலத்தீன் சொல்லோ ஸ்பானியத்தில் 'நோச்சே', இத்தாலியத்தில் 'நோத்தே', உருமேனியத்தில் 'நுவாப்தே' என்று மாறிற்று. இலத்தீனின் 'க்த' என்ற ஒலிக்கூட்டு ஓரிடத்தில் 'ச்ச' எனவும், ஓரிடத்தில் 'த்த' எனவும், ஓரிடத்தில் 'ப்த' எனவும் முறைதவறாது திரிந்திருப்பதைக் காண்கின்றீர்கள். தமிழிலுள்ள பால், பல், பத்து என்னும் சொற்கள் கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து என்று வருவதை அறிந்த நமக்கு இவ்வொழுங்கு எளிதில் விளங்கும். ஜெர்மனியின் பொன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரீதிரிக் தீயெத்ஸ் இத்தகைய ஒழுங்குகளை ஆராய்ந்து, ரொமான்ஸ் மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1836ஆம் ஆண்டு முதல் வெளியிட்டார். இத்துறை ஒரு கல்வித்துறையாக நிலைபெற்றதற்கு அவர் நூலே அடிப்படை.

இலக்கியப் பக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளுக்கென நிறுவப்பட்ட ஸ்மித் பேராசிரியர் பதவியை 1819ஆம் ஆண்டில் முதன்முதல் ஏற்றவர் ஜோர்ஜ் திக்னர். ஸ்பானிய இலக்கிய வரலாற்றை அவர் 1849ஆம் ஆண்டில் நூலாக்கி வெளியிட்டார். அவருக்குப்பின் அப்பதவியை வகித்தவர் கவிஞர் லோங்பெல்லோ. அவரே தாந்தேயின் பெருங்காப்பியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். மொழியாராய்ச்சி ஒருபுறம், இலக்கியச் சுவை மறுபுறம் என்னும் இவ்விரண்டு தூண்களின்மீதே இன்றும் இப்பட்டப்படிப்பு நிற்கின்றது. ஒரு தூணை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைக் கைவிடும் மாணவன் அரைப்பட்டதாரியே ஆவான்.

இனித் திட்டத்துக்கு வருவோம். அகல உழுவதினும் ஆழ உழுவது மேல் என்பது நம் உழவர் கண்ட உண்மை. இம்மொழிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பதைக் கண்டு, மூன்றையும் நான்கையும் ஒரே ஆண்டிற் பயிலத் தொடங்குவோர் உண்டு. ஒப்புமை உதவி செய்யும், ஏமாற்றவும் செய்யும். 'புர்ரோ' என்று இத்தாலியக் கடையிற் கேட்டால் வெண்ணெய் தருவார்கள். அதே சொல்லுக்கு ஸ்பெயினிற் கழுதை என்பது பொருள்! 'சலீரே' என்றால் இத்தாலியர்க்கு ஏறுதல். 'சலீர்' என்றால் ஸ்பானியர்க்கு வெளியே செல்லுதல். ஒரு மொழி உள்ளத்தில் வேரூன்றுமுன் அதன் தமக்கையையும் தங்கையையும் உடன் அழைத்தால் மூன்றும் கலந்து, எதுவும் நில்லாது போய்விடும். ஆதலால் முதன்மை மொழி ஒன்று, துணைமொழி ஒன்று, இவற்றோடு சிறிது இலத்தீன் என்பதே தக்க அளவு. துணைமொழியை முதலாண்டிலன்றி இரண்டாம் ஆண்டில் தொடங்குவதே நன்று.

முதலாண்டு முழுவதும் முதன்மை மொழிக்கே உரியது. நாள்தோறும் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கும் நடைபெறல் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை ஆறு மணிநேரம் படிப்பவனைவிட நாளுக்கு ஒரு மணிநேரம் படிப்பவனே முன்னேறுவான். ஐரோப்பிய மன்றம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் உள. தொடக்கத்திலிருந்து பயிலும் மாணவன் இரண்டாம் ஆண்டின் இறுதியில் நான்காம் படியாகிய பி2ஐ எட்ட முயல்தல் வேண்டும். அப்படியை எட்டாதவனுக்கு மூலநூல்கள் சுமையாகும். எட்டியவனுக்கோ அவை துணையாகும்.

இரண்டாம் ஆண்டில் இலக்கிய வரலாற்றையும் துணைமொழியையும் இலத்தீனையும் தொடங்கலாம். மூன்றாம் ஆண்டு, இயலுமாயின், அம்மொழி வழங்கும் நாட்டிற் கழிதல் வேண்டும். பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மொழிப் பட்டப்படிப்பு நான்காண்டாக அமைவதும், அதன் மூன்றாம் ஆண்டு வெளிநாட்டில் அமைவதும் இக்காரணம் பற்றியே. கடல்கடந்து செல்லும் வசதி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. வாய்க்காதவர்கள் அந்நாட்டு வானொலியைக் கேட்டும், நாளிதழ்களை வாசித்தும், அங்கிருந்து வருவோரோடு உரையாடியும் அக்குறையைப் பெரிதும் நிரப்பிக்கொள்ளலாம். இக்காலத்தில் இணையத்தின் வழியாக இவையெல்லாம் கிராமத்து மாணவனுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. நான்காம் ஆண்டு ஆய்வுக்கட்டுரைக்கு உரியது. அதன் பொருளை மூன்றாம் ஆண்டிலேயே தேர்ந்துகொள்ளல் அறிவுடைமை.

எவற்றை வாசிப்பது? தாந்தே, செர்வாந்தேஸ், மொலியேர், கமோயிஷ் ஆகியோரை அறியாது இப்பட்டத்தைப் பெறுதல் கம்பனை அறியாது தமிழ்ப் பட்டம் பெறுதலை ஒக்கும். செர்வாந்தேஸின் 'தொன் கிஹோத்தே' 1605, 1615ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. 1572ஆம் ஆண்டில் அச்சேறிய கமோயிஷின் 'லூசியாதாஸ்' என்னும் காப்பியத்தின் முதற் செய்யுளிலேயே தப்ரொபானா என்ற பெயர் வருகின்றது. அது நம் ஈழத்தின் பண்டைய பெயர்களுள் ஒன்று என்று கொள்ளப்படுகின்றது.

ஆனால் ஐரோப்பாவோடு நின்றுவிடலாகாது. போர்த்துக்கேயம் பேசுவோரிற் பெரும்பாலார் இன்று வாழ்வது பிரேசில் நாட்டில். மசாதோ தெ அசீஸ் என்னும் பெரும் நாவலாசிரியர் அந்நாட்டினரே. ஸ்பானியத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் 45 கோடிக்கு மேற்பட்டோர். அவர்களுட் பெரும்பகுதியினர் அமெரிக்கக் கண்டத்தினர். 1982ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற கார்சியா மார்க்கெஸ் கொலம்பியாவிற் பிறந்தவர். பிரெஞ்சுக் கவிதைக்கு மார்த்தினிக் தீவின் எமே செசேரும், 1960ஆம் ஆண்டில் செனகல் நாட்டின் முதற் குடியரசுத் தலைவரான செங்கோரும் புதுவலிமை ஊட்டினர். ஆண்டவரின் மொழியை ஆளப்பட்டோர் தம் மொழியாக்கிக்கொண்ட வரலாற்றை, அந்நிய ஆட்சியைக் கண்ட நாம் பிறரினும் கூர்மையாக உணர்தல் கூடும்.

இனிப் பெற்றோர் கேட்கும் வினா ஒன்று உண்டு. "இதனாற் சோறு கிடைக்குமா?" என்பதே அது. நேர்மையான விடை யாதெனின், மொழி தனித்து நின்றாற் சிறிதளவே கிடைக்கும். வேறொன்றோடு சேர்ந்து நின்றாற் போதிய அளவு கிடைக்கும் என்பதாம். ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு அலுவல் மொழிகளுள் பிரெஞ்சும் ஸ்பானியமும் இடம்பெறுகின்றன. ஆயினும் மொழிபெயர்ப்பாளனுக்குச் சட்டமோ பொருளியலோ தெரிந்திருந்தால் அவன் மதிப்பு உயரும். சுற்றுலாத் துறையிலும், வெளிநாட்டுத் தூதரகங்களிலும், ஆசிரியத் தொழிலிலும் இதுவே நிலை. எனவே பட்டப்படிப்புக்குள்ளேயே வரலாறு, பொருளியல், சட்டம் ஆகியவற்றுள் ஒன்றைத் துணைப்பாடமாகக் கொள்ளும்படி பிள்ளைகளுக்கு அறிவுறுத்துங்கள். விருப்பத்தைத் தடுக்கவேண்டா, அதற்கு ஒரு முட்டுக்கோல் கொடுங்கள்.

நம் நாட்டில் உயர்தரப் பரீட்சையில் பிரெஞ்சு ஒரு பாடமாக உள்ளது. களனிப் பல்கலைக்கழகத்தில் அதனைப் பட்டத்துக்கும் பயிலலாம். கொழும்பிலும் கண்டியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் நிலையங்கள் வகுப்புகள் நடத்துகின்றன. தமிழ்மொழி மூலம் கற்கும் மாணவன் ஆங்கிலத்தையும் செம்மையாகப் பயிலல் இன்றியமையாதது. இம்மொழிகளுக்கான நல்ல அகராதிகளும் இலக்கண நூல்களும் அவனுக்குப் பெரும்பாலும் ஆங்கில வழியாகவே கிட்டுகின்றன.

இறுதியாக ஒன்று. 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658 வரை அவர் ஆட்சி நீடித்தது. அக்காலத்து நிலங்களையும் வரிகளையும் கூறும் தோம்புகளும், அரசாங்க மடல்களும், குருமாரின் குறிப்புகளும் போர்த்துக்கேய மொழியிலேயே உள்ளன. பெர்னாவோ தெ கெய்ரோஸ் பாதிரியார் 1687ஆம் ஆண்டளவில் எழுதிமுடித்த இலங்கை வரலாறு அம்மொழியிலேயே அமைந்தது. அதனை அருட்டிரு எஸ். ஜி. பெரேரா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1930ஆம் ஆண்டில் வெளியிட்டதனாலேயே நம்மிற் பலர் அதனை அறிவோம். ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிற் பிறந்த தனிநாயகம் அடிகள் போர்த்துக்கேயம், இத்தாலியம் முதலிய மொழிகளை அறிந்திருந்தார். அந்தாவோ தெ புரொயென்சா தொகுத்து 1679ஆம் ஆண்டில் அச்சிடப்பட்ட தமிழ்-போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்திலிருந்த பிரதியினின்று 1966ஆம் ஆண்டில் மீள்பதிப்பாகத் தமிழுலகுக்கு அளித்தவர் அவரே. அம்மொழியறிவு அவர்க்கு இல்லாதிருப்பின், நம் முன்னோர் முந்நூறு ஆண்டுகளுக்குமுன் பேசிய சொற்கள் பல அந்நூலகத்தின் அலுமாரியிலேயே உறங்கியிருத்தல் கூடும்.

அத்தகையோர் நம்மிடையே மிகச் சிலரே. நம் ஊர்களின் பெயர்களையும், நம் குடிகளின் வரலாற்றையும் பிறர் மொழிபெயர்த்துத் தரும்வரை நாம் காத்திருக்க வேண்டிய நிலை நன்றன்று. அவ்வேடுகளைத் தாமே திறந்து வாசிக்கவல்ல தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வொரு தலைமுறையிலும் சிலரேனும் தோன்றுதல் வேண்டும். மொழிகளில் விருப்பம் கொண்ட மகனோ மகளோ உங்கள் இல்லத்தில் இருப்பின், அவ்விருப்பம் வீண் என்று ஒதுக்காதீர்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு திட்டம் வகுத்துக் கொடுங்கள். ஒரு மொழியை ஆழ உழச் சொல்லுங்கள்.